பிள்ளையின் கந்தல் பொம்மை யாருடையது?



இம்மாதம் நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கண்டு சிலர் நகைக்கக்கூடும். ஜக்காத்தைப் பற்றியும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், வியாபார நாணயத்தைப் பற்றியும் எழுத வேண்டிய ஏட்டில், பஞ்சு அடைத்த பொம்மையைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கக்கூடும். ஆனால் இந்தப் பொம்மை விஷயத்திலேயே நாணயமும் அடங்கியிருக்கிறது, பிள்ளைக்கு நாம் கற்பிக்கும் முதற் பாடமும் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். நாம் ஆலிம் அல்லர். பட்டம் பெற்றவரும் அல்லர். மதரஸாவில் ஓதியது கொஞ்சம், ஆரம்பப் பள்ளியில் படித்தது கொஞ்சம், கிள்ளானில் கடைக் கல்லாவில் உட்கார்ந்து மனிதரைப் பார்த்துப் படித்தது மிச்சம். அந்த முதலை வைத்துக்கொண்டே இதை எழுதுகிறோம்.

இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளைக் கவனித்தவர்கள் அறிவார்கள். வீட்டில் எத்தனை விளையாட்டுச் சாமான் இருந்தாலும், அவற்றுள் ஒன்றைப் பிள்ளை தனக்கென்று பொறுக்கிக்கொள்ளும். அது கரடியாக இருக்கலாம், முயலாக இருக்கலாம், வெறும் சிறு தலையணையாகவும் இருக்கலாம். அது இல்லாமல் உறங்காது. அது இல்லாமல் வெளியூர் வராது. இந்நாட்டு மலாய்க்காரர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 'பந்தால் பூசோக்' என்பார்கள். நாற்றத் தலையணை என்று பொருள். முன்னாளில் கெக்காபு என்னும் இலவம்பஞ்சு அடைத்த சிறு தலையணைதான் அது. இந்நாளில் பாலியெஸ்டர் பஞ்சு அடைத்து வருகிறது. பெயர் கேலியாகத் தோன்றினாலும் அதில் உண்மை இருக்கிறது. அந்த வாசனையில்தான் பிள்ளை தன் பொருளை அடையாளம் காண்கிறது. நம் தமிழ் வீடுகளில் பொம்மை வாங்க வசதியில்லாத காலத்திலும் இது இருந்தது. தாயின் பழைய சேலைத் தலைப்பையோ, பாட்டியின் வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தையோ விரலில் சுற்றிக்கொண்டு உறங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்!

இனி நமது கேள்விக்கு வருவோம். பிள்ளை உயிராக நினைக்கும் இந்தக் கந்தலை, பிள்ளையின் நன்மைக்கே என்று கூறி, அதற்குத் தெரியாமல் எடுத்து எறிந்துவிடப் பெற்றோருக்கு உரிமை உண்டா?

இக்கேள்வி நமக்கு ஏட்டில் எழவில்லை, கடையில் எழுந்தது. நாம் பாய், தலையணை, போர்வை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் விற்பவர். சென்ற ஆண்டு ஒரு மாலை, பழகிய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்தார். துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர். கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "பாய், இதே மாதிரி ஒரு கரடி இருக்கா? அச்சு அசலா இதே மாதிரி வேணும்" என்றார். படத்தில் இருந்தது ஒரு காது பிய்ந்து, நிறம் மங்கி, வயிற்றுப் பஞ்சு ஒரு பக்கமாய் ஒதுங்கிப்போன கரடி. அதே இனத்தில் புதிது ஒன்று நம் கடையில் இருந்தது. விலை 25 வெள்ளி.

"மகளுக்கு நாலு வயசு. தாடிக்காவுல சேக்கப் போறோம். இந்த அழுக்கு மூட்டையத் தூக்கிக்கிட்டே திரியுது. தூங்குறப்போ மாத்தி வச்சிடலாம்னு பாக்குறேன்" என்றார்.

"காலையில எந்திரிச்சு, என் கரடி எங்கேன்னு கேட்டா?" என்றோம்.

"இதுதாம்மா அது, துவைச்சு வச்சோம், புதுசாயிடுச்சுன்னு சொல்லிட வேண்டியதுதான்."

நாம் சற்று யோசித்துவிட்டு, "இன்னொரு கரடின்னு சொல்லிக் கொடுக்கிறதா இருந்தா தாராளமாக் கொண்டு போங்க. பழைய கரடிதான் இதுன்னு சொல்றதுக்கானா, நம்மகிட்ட வேண்டாமே" என்றோம். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். "வியாபாரம் பண்ணத் தெரியாத பாயா இருக்கீங்களே!" என்று கூறி அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

இரவு வீட்டில் இதைச் சொன்னபோது, வீட்டார் ஒரு கேள்வி கேட்டார்கள். "பொம்மை வியாபாரத்துக்கெல்லாம் இவ்வளவு பார்த்தால் கடை வாடகையை யார் கட்டுவது? பிள்ளையைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தை சொல்வதும் பெரிய பாவமா?" கேள்வி நியாயமானதே. விற்ற பொருளை வாங்கியவர் என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்பதற்குக் கடைக்காரன் பொறுப்பாளி ஆவானா என்று வாதிடவும் இடமுண்டு. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில், புதுக் கரடி பழைய கரடிக்கு ஈடாகுமா என்று பார்ப்போம். வியாபாரத்தில் ஒரு கிலோ சீனிக்கு இன்னொரு கிலோ சீனி ஈடு. ஒரே இனம், ஒரே தரம், ஒரே அளவு என்றால் கணக்கு நேராகிவிடும். கடைக்காரனுடைய புத்தி இப்படித்தான் வேலை செய்யும். பிள்ளையின் புத்தி அப்படி வேலை செய்வதில்லை. இதை அறிஞர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். புரூஸ் ஹூட், பால் புளூம் என்னும் இருவர் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி அது. எப்பொருளை வைத்தாலும் அதைப் போலவே இன்னொன்றைச் செய்து தருவதாகத் தோன்றும் ஒரு பெட்டியைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். உள்ளபடி அது ஒரு செப்படி வித்தைதான்; பிள்ளைகளோ மெய்யென்று நம்பினார்கள். சாதாரண விளையாட்டுச் சாமானை வைத்த பிள்ளைகள், நகலை எடுத்துக்கொள்ளத் தயங்கவில்லை. ஆனால் தன்னோடு உறங்கும் பொம்மையைக் கொண்டுவந்த பிள்ளைகள் அதற்கு எளிதில் இணங்கவில்லை; தம் பழைய பொம்மையையே திரும்பக் கேட்டார்கள். பெட்டிக்குள் வைக்கவே சம்மதியாத பிள்ளைகளும் உண்டு.

இது அறியாமை என்று நாம் சொல்லலாமா? பெரியவர்களாகிய நாமும் அப்படித்தானே இருக்கிறோம்! நம் கடையில் மின் தராசு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆயின. ஆயினும் தகப்பனார் பிடித்த பழைய பித்தளைத் தராசு இன்றும் சுவரில் தொங்குகிறது. அதே எடையுள்ள புதுப் பித்தளையைத் தருகிறேன், இதைக் கொடு என்று யாரேனும் கேட்டால் கொடுப்போமா? நியூயார்க் நகரத்துப் பொது நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய கரடிப் பொம்மை இருக்கிறது. கிறிஸ்டோபர் ராபின் மில்ன் என்னும் ஆங்கிலேயப் பிள்ளைக்கு 1921-ல் முதல் பிறந்த நாளில் கிடைத்த பொம்மை அது. அவருடைய தகப்பனார் அதை வைத்தே வின்னி-த-பூ கதைகளை எழுதினார். அக்கரடியின் உருவில் செய்த புதுப் பொம்மைகள் உலகமெங்கும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனாலும் 1987 முதல் அந்த நூலகத்தில் உள்ள தேய்ந்துபோன பொம்மையைப் பார்க்கவே மக்கள் போகிறார்கள். பெரியவர்கள் செய்தால் நினைவுச் சின்னம், பிள்ளை செய்தால் பிடிவாதம் என்பது என்ன நியாயம்?

அடுத்து, மார்க்கத்தின் பெயரால் சிலர் கூறும் ஆட்சேபம் ஒன்று உண்டு. உருவப் பொம்மை வீட்டில் இருக்கலாமா என்பது அது. இதில் ஆலிம்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. எனினும் பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு அனுமதி உண்டு என்றே அவர்களில் பெரும்பாலோர் கூறியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரமாக நாம் மதரஸாவில் ஓதிய செய்தி ஒன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் பொம்மைகள் இருந்தன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பிரயாணத்திலிருந்து திரும்பியபோது, காற்றில் திரை விலக, அப்பொம்மைகளின் நடுவே துணியால் இறக்கை வைத்த ஒரு குதிரையைக் கண்டார்கள். குதிரைக்கு இறக்கையும் உண்டோ என்று வினவினார்கள். ஸுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் பதில் கூற, நாயகம் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது.

ஸஹீஹான கிரந்தங்களில் இன்னொன்றும் காண்கிறோம். ஆஷூரா நோன்பு நாளில் மதீனத்துத் தாய்மார்கள் தம் சிறுவர்களையும் நோன்பு இருக்கச் செய்து, ஆட்டு மயிரால் விளையாட்டுச் சாமான் செய்து வைத்திருந்தார்கள். பிள்ளை பசியால் அழுதால் அதைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை அதன் மனத்தைத் தேற்றினார்கள். கையில் பிடித்துக்கொள்ள மென்மையான ஒரு பொருள் இருந்தால் பிள்ளை கஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பதை அத்தாய்மார் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். நாலு வயதுப் பெண் தாடிக்காவுக்குக் கரடியைக் கொண்டு போக விரும்புவதும் இதே காரணத்தால்தானே?

ஆகவே பொம்மையை வைத்திருப்பதில் குற்றமில்லை என்று கொண்டால், எடுத்து எறிவதில் இரண்டு குற்றங்கள் இருப்பதைக் காணலாம். ஒன்று, பிறர் பொருளை எடுப்பது. மற்றொன்று, பொய் சொல்வது.

பிள்ளைக்கு ஏது சொத்து என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைக்கென்று கொடுத்துவிட்ட பொருள் பிள்ளையுடையதே. பெற்றோர் அதன் காவலர் மட்டுமே. நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் நிகழ்ந்ததை நினைத்துப் பார்ப்போம். அவர்களுக்குப் பானம் கொண்டுவரப்பட்டது. வலப்புறத்தில் ஒரு சிறுவர், இடப்புறத்தில் முதியவர்கள். முறைப்படி வலப்புறத்தாருக்கே முதலில் தர வேண்டும். முதியவர்களுக்கு முதலில் கொடுக்க உன் சம்மதம் உண்டா என்று அச்சிறுவரிடம் கேட்டார்கள். தம் பங்கை விட்டுக்கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. நாயகம் அவர்கள் கோபிக்கவில்லை. பாத்திரத்தை அச்சிறுவர் கையிலேயே கொடுத்தார்கள். ஒரு மிடறு பானத்துக்கே சிறுவரின் சம்மதம் கேட்கப்பட்டது என்றால், ஒரு பிள்ளை இரவும் பகலும் அணைத்துக்கொள்ளும் பொருளுக்குக் கேட்க வேண்டாமா?

பொய்யைக் குறித்தும் தெளிவான செய்தி உண்டு. ஒரு தாய் தம் சிறு மகனை, இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைத்தார். என்ன கொடுக்க எண்ணினாய் என்று நாயகம் (ஸல்) கேட்க, ஒரு பேரீச்சம்பழம் என்றார் அத்தாய். ஒன்றும் கொடாமல் இருந்திருந்தால் அது உம் கணக்கில் ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். பிள்ளைக்குச் சொல்லும் பொய் என்பதற்காக அது கணக்கிலிருந்து தள்ளுபடி ஆவதில்லை. "காக்கா தூக்கிட்டுப் போச்சு", "பூனை கொண்டு போச்சு", "துவைச்சதுல புதுசாயிடுச்சு" என்று நாம் எளிதாகச் சொல்லும் வார்த்தைகளை இந்தத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். வாங்குபவர் தம் வாயாலேயே இந்தப் பொய்யைச் சொல்லப் போகிறேன் என்று கூறிய பின்பு, அதற்கென்றே பொருளைக் கட்டிக் கொடுத்தால் அதில் கடைக்காரனுக்கும் பங்கு இல்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை. வீட்டார் கேட்ட கேள்விக்கு நமது விடை இதுவே. 25 வெள்ளி சிறிய தொகைதான். மாதக் கடைசியில் அதுவும் பெரிய தொகைதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

இனி எதிர்வாதங்களைக் கேட்போம். அழுக்கு, கிருமி, இளைப்பு நோய் என்பார்கள். உண்மைதான். அதற்கு மருந்து துவைப்பதே தவிர எறிவதன்று. தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் 60 டிகிரி சூட்டு நீரில் துவைத்தால் மடியும். அவ்வளவு சூடு தாங்காத பொம்மையைப் பையில் கட்டி ஒரு முழு நாளுக்கு மேல் உறைபெட்டியில் வைத்து, பிறகு அலசலாம். இன்னொன்றையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும் இடத்தில் பஞ்சுப் பொம்மையோ தலையணையோ வைக்கக்கூடாது. மூச்சு முட்டும் அபாயம் உண்டு என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். நாம் இங்கே பேசுவது அதற்கு மூத்த பிள்ளைகளைப் பற்றியே.

இரண்டாவது வாதம், பொம்மையைக் கட்டிக்கொண்டு திரிந்தால் பிள்ளை கோழையாகும் என்பது. இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராகவும் மனநூல் அறிஞராகவும் இருந்த டொனால்ட் வினிகாட் என்பவர் 1951-ல் இதைக் குறித்து ஒரு கட்டுரை வாசித்தார். 1953-ல் அது அச்சாயிற்று. தாயே தான், தானே தாய் என்று கிடந்த குழந்தை, தான் வேறு, உலகம் வேறு என்று உணரத் தொடங்கும் வேளையில் இவ்விரண்டுக்கும் நடுவே அது போட்டுக்கொள்ளும் பாலம் போன்றது இப்பொருள் என்பது அவர் கருத்தின் சாரம். அதைத் தாயார் துவைத்துவிட்டால்கூடப் பிள்ளைக்கு அதன் தொடர்ச்சி அறுந்துபோகலாம் என்றும் அவர் கண்டார். காலம் வரும்போது பிள்ளையே அதை விட்டுவிடும். மறப்பதும் இல்லை, அழுவதும் இல்லை, அதன் அர்த்தம் மெல்ல மெல்லக் கரைந்துவிடும் என்றார். பாலத்தைக் கடக்கும் பிள்ளையைக் கோழை என்பது சரியா? பாதியில் பாலத்தைப் பிடுங்குவது தைரியம் கற்பிப்பதாகுமா?

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. உலகப் பொருளின் மீது பற்று வைக்காதே என்றுதானே பெரியோர் போதிக்கிறார்கள், அதைச் சிறு வயதிலேயே பழக்கினால் என்ன என்று ஒரு நண்பர் பிரிக்பீல்ட்ஸில் தேநீர்க் கடையில் வைத்து நம்மிடம் கேட்டார். பற்றை விடுவது உயர்ந்த குணம்தான். ஆனால் விடுவது வேறு, பிடுங்கப்படுவது வேறு. தன் கையால் கொடுத்தவனுக்குத்தான் தருமத்தின் பலன். களவு கொடுத்தவன் தருமம் செய்தவன் ஆகமாட்டான். மேலும் இந்தப் பிள்ளையின் பற்று, பொருளைக் குவிக்கும் பற்று அன்று. கடை நிறையப் பொம்மை இருந்தும், எனக்கு இந்த ஒரு கந்தல் போதும் என்கிறதே, அதைவிடப் போதுமென்ற மனம் வேறெங்கே காண்பது?

அப்படியானால் பொம்மை தொலைந்தே போனால் என்ன செய்வது? 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்த பெருவெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுகி, ஜனங்கள் கூரை மேல் ஏறிக் காத்திருந்தார்கள். வெள்ளம் வடிந்த பின் வீதியோரமெங்கும் ஊறிப்போன மெத்தைகளும் அலமாரிகளும் பிள்ளைகளின் சாமான்களும் குப்பையாய்க் குவிந்தன. துணி, போர்வை, பொம்மை கொண்டு போனவர்களில் நாமும் ஒருவர். வெள்ளத்துக்கு ஒதுங்கியவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு நல்ல புது யானைப் பொம்மை ஒன்றைக் கொடுத்தோம். மரியாதையாக வாங்கி ஓரமாய் வைத்துவிட்டு, "என் பந்தால் எங்க?" என்று பாட்டியிடம் கேட்டான்.

அந்த அம்மாள் படித்தவர் அல்லர். சுற்றியிருந்த நாங்கள் எல்லோரும், துவைக்கப் போட்டிருக்கிறது, நாளைக்கு வரும் என்று ஏதேனும் சொல்லித் தேற்றத் துடித்தோம். அவரோ அவனை மடியில் இருத்திக்கொண்டு, "தண்ணி கொண்டு போயிருச்சுய்யா. இனிமே வராது. அழுவணும்னா அழு" என்றார். பையன் நெடு நேரம் அழுதான். பிறகு பாட்டியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே உறங்கிப்போனான். வீட்டை இழந்த வேளையிலும் அந்த அம்மாள் பேரனுக்கு ஒன்றைக் காப்பாற்றிக் கொடுத்தார்: பாட்டி சொன்னால் அது உண்மையாக இருக்கும் என்ற நம்பிக்கையை. ஏமாற்றிச் சமாதானம் செய்திருந்தால் தலையணையோடு அதுவும் போயிருக்கும்.

நாயகம் (ஸல்) அவர்களும் பிள்ளையின் துக்கத்தைத் துக்கமாகவே மதித்தார்கள். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் ஒரு சிறு குருவியை வளர்த்து விளையாடி வந்தார். அது இறந்து, அவர் வாடியிருந்தபோது, நாயகம் அவர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைத்து அக்குருவியைப் பற்றி விசாரித்தார்கள். உம்மத்தின் பாரமெல்லாம் தலைமேல் இருந்தவர்களுக்கு ஒரு பிள்ளையின் குருவியை விசாரிக்க நேரம் இருந்தது. நமக்கு இல்லையா?

எனவே தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு கடைக்காரனின் சிறு யோசனைகள். துவைக்க வேண்டுமானால் பிள்ளையிடம் சொல்லி, அதன் கையாலேயே நீரில் போடச் செய்யுங்கள். கொடியில் காயும் வரை அது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். கிழிந்தால் அதன் கண் முன்னே தைத்துக் கொடுங்கள். தாடிக்காவுக்குக் கொண்டு போகக்கூடாது என்றால், வீட்டில் அது காத்திருக்கும் இடத்தைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். குறும்பு செய்ததற்குத் தண்டனையாக அதைப் பிடுங்காதீர்கள். தம்பி தங்கைக்குக் கொடு என்று வற்புறுத்தாதீர்கள். தொலைந்துவிட்டால் தொலைந்தது என்று சொல்லுங்கள். புதிது வாங்கிக் கொடுத்தால் புதிது என்றே சொல்லிக் கொடுங்கள். அதற்கு வேறு பெயர் வைப்பதா, அதை ஏற்பதா வேண்டாமா என்பது பிள்ளையின் விருப்பம்.

நமது கடைக்கு யாரேனும் அதே போன்ற பொம்மை கேட்டு வந்தால், ஊசியும் நூலும் கைப்பிடிப் பஞ்சும் இனாமாகத் தருவதென்று இப்போது தீர்மானித்திருக்கிறோம். பழையதைத் தைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு புதிது வாங்கட்டும். இதனால் வியாபாரம் கொஞ்சம் குறையும் என்று வீட்டார் கூறுகிறார்கள். குறைவதை ஈடுகட்டுவதும், நம் பிள்ளைகள் நம் வார்த்தையை நம்பும்படி நம்மை வைப்பதும் வல்ல நாயன் கையில் இருக்கிறது.